இரத்தக் கொடையும் அமானிதமும்

மஃரிபுத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னும் பள்ளிவாசல் தூணோரத்தில் ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் மத்ரஸாவில் ஓதியவர். பின்னர் கடல்கடந்து பொருளீட்டச் சென்று திரும்பியவர். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்” என்றார். கேளுங்கள் தம்பி என்றோம்.

அவருடைய லாத்தாவுக்குப் பேறுகாலம். அறுவை செய்ய வேண்டியதாயிற்று. இரத்தம் தேவைப்படும், உறவினரில் எவரேனும் கொடுங்கள் என்று மருத்துவமனையில் கூறிவிட்டனர். குடும்பமே கூடி நின்ற தாழ்வாரத்தில், இவருடைய இரத்தப் பிரிவு பொருந்தும் என்று யாரோ சொல்ல, தாய்மாமன் இவர் தோளைத் தட்டி, “என்னடா யோசனை, போ” என்றாராம். இவரோ, மூன்று நாளாகக் காய்ச்சல், மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருக்கிறேன் என்று சொல்லி ஒதுங்கிவிட்டார். காய்ச்சலும் இல்லை, மாத்திரையும் இல்லை. வேறொருவர் வந்து கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலம். ஆனால், கூடப்பிறந்தவளுக்கு ஒரு பை இரத்தம் கொடுக்க அஞ்சியவன் என்ற பெயர் குடும்பத்தில் இவருக்கு நிலைத்துவிட்டது.

“என் இரத்தத்தின்மீது எனக்கே ஐயம் இருந்தது, ஹஜ்ரத். அதனால்தான் அப்படிச் சொன்னேன். நான் சொன்ன பொய்க்குக் குற்றம் உண்டா?”

என்ன ஐயம், எதனால் வந்த ஐயம் என்று நாம் கேட்கவில்லை. பிறர் மறைவைத் துருவி ஆராய்வதைத் திருமறை தடுத்திருக்கிறது. அவரும் சொல்லவில்லை. அடையாளம் காட்டாமல் எழுதலாம் என்று அவர் இசைந்ததாலேயே இங்கு எழுதுகிறோம்.

மஸ்அலா சிறியது போலவே தோன்றிற்று. பொய் விலக்கப்பட்டது, ஓர் உயிருக்கு ஊறு வராமல் காக்க வேறு வழியின்றிச் சொன்ன பொய்க்கு இடமுண்டு, இதோடு முடிந்தது என எண்ணினோம். அன்றிரவு கிதாபுகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்தபோதுதான், கேள்வி அவருடையது மட்டுமன்று என்பது விளங்கிற்று. இரத்தம் கொடுப்பவன் தன்னைப் பற்றி எதைச் சொல்லக் கடமைப்பட்டவன்? எதை மறைக்க உரிமை பெற்றவன்? அவன் உண்மையைச் சொல்ல முடியாதபடி அவனைச் சூழ்ந்து நிற்பவர்களின் பங்கு என்ன?

இரத்தம் எடுத்தபின் சோதித்துப் பார்க்கிறார்களே, பிறகு கொடுப்பவன் சொல்லில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நாமும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். சோதனைகள் வந்த வரலாற்றைப் படித்தால் அந்த எண்ணம் நீங்கிவிடும். 1965-ஆம் ஆண்டில் பாருக் புளும்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தில் கண்ட ஒரு பொருளைப் பற்றி எழுதினார். கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் மேலுறை அது என்பது பின்னரே தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கொடையாளரின் இரத்தத்தையெல்லாம் அதற்காகச் சோதிக்கத் தொடங்கினர். ஆயினும் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கல்லீரல் நோய் வந்துகொண்டேயிருந்தது. ‘ஏ’-யும் அன்று, ‘பி’-யும் அன்று என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தனர். தெரியாததற்கு இதைவிட நேர்மையான பெயர் வைக்க இயலாது! 1989-இல்தான் அது ஹெப்படைட்டிஸ் சி என்று இனங்காணப்பட்டது. அதற்காக உழைத்த ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எய்ட்ஸ் நோயை 1981-இல் அறிந்தனர்; அதன் வைரஸை 1983-இல் கண்டனர்; இரத்தத்தைச் சோதிக்கும் வழி 1985-இல் வந்தது. நம் நாட்டில் அந்த வைரஸ் இருப்பது 1986-இல் முதன்முதல் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களின் ஆய்வு அது. 1989 முதல் இந்தியாவில் கொடை இரத்தத்தை அதற்காகச் சோதிப்பது கட்டாயமாயிற்று.

ஒவ்வொரு சோதனையும் அந்த நோய் பலர் உடலில் புகுந்த பிறகே வந்திருக்கிறது. சோதனை வந்த பின்னும் ஒரு குறை எஞ்சுகிறது. வைரஸ் உடலில் புகுந்த முதல் சில நாட்கள், சில வேளைகளில் சில வாரங்கள், எந்தச் சோதனைக்கும் அது அகப்படுவதில்லை. உடல் அதற்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைக்கு எச்.ஐ.வி. புலப்பட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. ஹெப்படைட்டிஸ் சி-க்கு இரண்டு மாதத்திற்கு மேலும் ஆகலாம். வைரஸின் மரபுப் பொருளையே தேடும் ‘நாட்’ என்னும் சோதனை இதனைப் பத்து நாள் அளவுக்குச் சுருக்குகிறது. ஆனால் அது செலவு மிக்கது, எல்லா இரத்த வங்கியிலும் இல்லை. இந்த இடைக்காலத்திற்குச் சாளரக் காலம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். சாளரம் என்றால் அதன் வழியே ஏதேனும் தெரிய வேண்டும். இதில் ஒன்றுமே தெரிவதில்லை. திரைக் காலம் என்று சொல்லியிருந்தால் பொருத்தமாயிருக்கும்.

அந்நாட்களில் அந்த மனிதன் கடைக்குப் போவான், தொழுவான், சிரிப்பான். அவனுக்கு ஒரு தலைவலிகூட இராது. அவன் கொடுக்கும் ஒரு பை இரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்து மூவருக்குக் கொடுப்பதுண்டு. மாதந்தோறும் பிறர் இரத்தத்தால் வாழும் தலசீமியாக் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் அத்தகைய குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வெளியே தோன்றாமல் உள்ளே குடியிருக்கும் நோய் நம் முன்னோர் அறியாததன்று. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம், அவ்வூரில் இருப்போர் அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளை. ஸிரியா நோக்கிப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் இடைவழியிலேயே படையுடன் திரும்பியதும் இதையொட்டியே. உள்ளே செல்லாதே என்பதன் காரணம் எவர்க்கும் விளங்கும். நலமாயிருப்பவன் ஏன் வெளியேறக் கூடாது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்குக் கூறும் காரணங்களுள் ஒன்று நம்மை வியக்க வைக்கிறது. நோய் வெளியே புலப்படுமுன் உள்ளுறுப்புகளில் வேரூன்றிவிடும், ஆதலின் நலமாகத் தோன்றுபவனும் நலமானவன் என்று கொள்வதற்கில்லை என்னும் கருத்தை அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மறைந்தது கி.பி. 1111-இல். நோய் எவ்வாறு உடலுக்குள் செல்கிறது என்பதில் அவர்கள் காலத்து மருத்துவம் வேறு. ஆனால் தன் உடலைப் பற்றிய தன் கணிப்பையே நம்பிவிடாதே என்னும் எச்சரிக்கை நம் இரத்த வங்கி வாயிலில் எழுதி வைக்கத் தக்கது.

இனி, மறைத்தலைப் பற்றிய செய்திக்கு வருவோம். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை அறியாத முஸ்லிம் வீடு இராது. இது என்னவென்று கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்னும் கருத்துப்பட எச்சரித்துச் சென்றார்கள்.

மேடைகளில் இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் ஈரத்தையும் ஏமாற்றையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். நாமும் அப்படிச் சொன்னதுண்டு. ஊன்றிப் பார்த்தால், நனைந்ததற்காக அந்த வணிகர் கண்டிக்கப்படவில்லை. நனைத்தது மழை, மழை வானிலிருந்து வந்தது. நனைந்ததை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே வைத்ததே குற்றம். நோயும் மழை போன்றதுதான். சிலர் தம் தவறால் நனைந்திருக்கலாம். சிலர் எந்தத் தவறும் அறியாமல் நனைந்திருப்பர். எகிப்தில் நத்தைக் காய்ச்சலை ஒழிக்க அரசே முன்னின்று பல்லாண்டுகள் ஊசி போட்டது. அந்த ஊசிகளைச் சரிவரக் கொதிக்க வைக்காததால் ஹெப்படைட்டிஸ் சி பெருந்தொகையான மக்களிடம் பரவிற்று. நைல் நதிக்கரை உழவர் செய்த பாவம் என்ன? நோயைக் கேட்டவுடன் பாவத்தைத் தேடும் பழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது.

ஃபிக்ஹு நூல்களில், வாங்கிய பொருளில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் அதனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்குக் கியாறுல் ஐபு என்று பெயர். கழுதைக்கு உண்டு, துணிக்கு உண்டு, வீட்டுக்கும் உண்டு. இரத்தத்திற்கு இல்லை. நரம்பில் ஏறியதை எவர் திருப்பித் தர இயலும்? திருப்ப முடியாத பொருளில் குறையைச் சொல்லும் கடமை இன்னும் கடுமையாகிறது.

இரத்தத்திற்கு விலை பெறுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் உள்ளது. அது குருதி குத்தி எடுப்பவரின் கூலியைக் குறிக்கும் என்போரும் உளர்; இரத்தத்தை விற்பதையே குறிக்கும் என்போரும் உளர். விற்பனை ஏன் கெடுதல் என்பதற்கு நம் காலத்தில் ஒரு சான்று கிடைத்தது. ரிச்சர்ட் டிட்மஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1970-இல் ஒரு நூல் எழுதினார். இரத்தம் இலவசமாகக் கொடுக்கப்படும் பிரிட்டனையும், விலைக்கு வாங்கப்படும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு, விலைக்கு வந்த இரத்தத்தில் கல்லீரல் நோய் மிகுதி என்று காட்டினார். காரணம் எளியது. காசுக்குக் கொடுப்பவன் உண்மையைச் சொன்னால் காசு போய்விடும். நம் நாட்டிலும் உச்சநீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, 1998 ஜனவரி முதல் காசுக்கு இரத்தம் கொடுக்கும் தொழில் தடைசெய்யப்பட்டது.

இதில் ஒரு கசப்பான செய்தியும் உண்டு. டிட்மஸ் போற்றிய அதே பிரிட்டன், இரத்தம் உறையாத நோயுள்ளவர்களுக்கான மருந்தை அமெரிக்காவிலிருந்து வாங்கிற்று. பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து செய்த மருந்து அது. விலைக்குக் கொடுத்தவர்களும் சிறைக் கைதிகளும் அவர்களுள் அடங்குவர். அதைப் பற்றி ஆராய்ந்த சர் பிரையன் லாங்ஸ்டாஃப் அவர்களின் அறிக்கை 2024 மே மாதம் வெளிவந்தது. மருந்தாலும் ஏற்றிய இரத்தத்தாலும் நோயுற்றவர் முப்பதாயிரத்திற்கு மேல்; இறந்தவர் ஏறக்குறைய மூவாயிரம். இந்தக் கேட்டைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம், உண்மை மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது என்பது அறிக்கையின் முடிவு. ஈரத்தை அடியில் வைப்பவர் தனி வணிகர் மட்டுமல்லர். அரசுகளும் அதைச் செய்யக் கூடும்.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தை மறந்தால் மார்க்கத்தில் பாதியை மறந்தவராவோம். தன் குறையையும் பிறர் குறையையும் மூடி வைப்பதை ஸத்ரு என்பார்கள். இரவில் செய்த தவற்றை இறைவன் மூடியிருக்க, விடிந்ததும் தானே அதனைப் பறைசாற்றுகிறவன் கண்டிக்கப்பட்டிருக்கிறான். தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த மாஇஸ் (ரலி) அவர்களிடமிருந்து அண்ணலார் (ஸல்) மீண்டும் மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரை அனுப்பி வைத்தவரிடம், உம் ஆடையால் அவரை மூடியிருந்தால் உமக்கு நன்றாயிருந்திருக்கும் என்ற பொருள்பட உரைத்தார்கள். அப்படியிருக்க, இரத்தம் எடுக்குமுன் ஒரு தாளை நீட்டி, காமாலை வந்ததா, பச்சை குத்தினீரா, தகாத உறவு உண்டா என்றெல்லாம் கேட்கிறார்களே, ஒரு முஸ்லிம் எப்படி விடை சொல்வான்?

நாம் கண்ட வரையில் இவ்விரண்டு கடமைகளும் மோதவில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள், பிறர் குறையைச் சொல்ல இடமுள்ள ஆறு நிலைகளைத் தொகுத்திருக்கிறார்கள். தீங்கு வராமல் எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. அதுவும் தேவைப்படும் அளவே, தேவைப்படுபவரிடமே. அந்தத் தாளைக் கேட்பவர் ஊரார் அல்லர். நோயாளியின் சார்பில் கேட்கும் அமானிதக்காரர். அவரிடம்கூட ஒருவன் தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டால் போதும்; ஸத்ரும் காக்கப்பட்டது, உயிரும் காக்கப்பட்டது. 1980-களில் அமெரிக்காவின் சில இரத்த வங்கிகள் இதற்கு ஓர் அழகிய வழி கண்டன. நண்பர்களோடு வந்து, விலக முடியாமல் இரத்தம் கொடுத்துவிட்டவர், எவருமறியாமல் ஒரு சீட்டில் ‘என் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று குறித்துவிடலாம். அந்தப் பை ஒதுக்கப்பட்டுவிடும். ஏன் என்று கேட்பார் இல்லை. இதைப் படித்தபோது, நம் ஃபுகஹாக்களில் ஒருவரே அருகிருந்து யோசனை சொன்னாற்போல் இருந்தது.

ஆனால் எழுந்து வருவதற்கு நம் குடும்பங்கள் விடுகின்றனவா? மாமன் தோளைத் தட்டுகிறார். சாச்சா முறைக்கிறார். கொடுக்க மறுத்தால் கோழை. காரணம் சொன்னால் கெட்டவன். கொடையென்று சொல்லிக்கொண்டு, வெட்கத்தையே விலையாக வைத்து நாம் இரத்தத்தைப் பறிக்கிறோம். காசுக்கு விற்பவன் பொய் சொல்லக் காரணம் இருப்பது போலவே, உறவினர் முன் நிற்பவனுக்கும் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவருக்காகத் தானே தனியே வந்து கொடுக்கும் இரத்தமே பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நிகழ்ந்தது பலர் நினைவில் இருக்கும். கருவுற்ற ஒரு பெண்ணுக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சோதித்துத் தேறியதாகக் குறிக்கப்பட்டிருந்த இரத்தம் அது. அதைக் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட மருத்துவச் சோதனையில்தான் தம் நிலையை அறிந்தார். அறிந்தவுடன், கேட்பவர் எவருமின்றித் தாமே முன்வந்து செய்தியைத் தெரிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. 2016-இல் அவர் முன்னொரு முறை கொடுத்தபோதே நோய் தெரிந்திருந்தது, அவருக்குத்தான் சொல்லப்படவில்லை என்பதும் வெளியாயிற்று. அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறந்தது. குழந்தையிடம் அந்த வைரஸ் இல்லை. அந்த இளைஞரோ டிசம்பர் முடியுமுன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

தற்கொலை பற்றி மார்க்கம் சொல்வதை நாம் அறிவோம். அவருடைய கணக்கை இறைவனிடம் விட்டுவிடுவோம். நம் நெஞ்சில் நிற்பது வேறு. தானியக் கடைக்காரர் செய்யாததை அவர் செய்தார். நனைந்ததைத் தம் கையாலேயே எடுத்து மேலே வைத்தார். அப்படி வைத்த ஒருவர் அதன்பின் வாழ்வதற்கு இடமிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், நோயுள்ளவரை ஒதுக்குவதையும் அவர் இசைவின்றி அவர் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சட்டம் அவர் கைக்கெட்டும் முன் எது எட்டிற்று என்று எண்ணுந்தோறும் நமக்குத் தூக்கம் கலைகிறது.

மறுவாரம் நம் மாணவர் வந்தார். சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள், அது மன்னிக்கப்படக் கூடியது என்றோம். இதைவிட நல்ல வழி, கேட்பவர் ஒரு பொருள் கொள்ளச் சொல்பவர் உண்மையான வேறொரு பொருளைக் கருதும் தவ்ரியா. என் இரத்தத்தை இப்போது எடுக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம் என்றோம். பிறகு நாம் சொன்னது அவர் எதிர்பாராதது. கேள்வி கேட்கப்பட்ட அன்று நீங்கள் சொன்ன பொய் சிறிது, தம்பி; ஐயம் வந்த நாள் முதல் அதைத் தீர்த்துக்கொள்ளாமல் இருப்பது பெரிது. இன்று எச்.ஐ.வி. உள்ளவர் மருந்தோடு நெடுநாள் வாழ்கிறார். ஹெப்படைட்டிஸ் சி பெரும்பாலும் சில மாத மாத்திரையில் நீங்கிவிடுகிறது. தெரியாமலிருப்பதே இப்போது அதிகம் கொல்கிறது என்றோம்.

அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையை இலவசமாகவும் மறைவாகவும் செய்யும் இடத்திற்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர். பெயர் வைத்தவர் வாழ்க. அவர் தலை குனிந்தபடி, “அந்த வாசலில் நான் நிற்பதை யாராவது பார்த்தால், ஹஜ்ரத்?” என்றார்.

நாமும் உடன் சென்றோம். வெளியே போட்டிருந்த பலகையில் இருவரும் அமர்ந்திருக்கையில், அவர் அஞ்சியபடியே நம் மஹல்லாவாசி ஒருவர் மருந்துச் சீட்டோடு அவ்வழியே வந்துவிட்டார். ஸலாம் சொன்னார். பெயர்ப் பலகையைப் பார்த்தார், நம் தாடியைப் பார்த்தார், பிறகு மாணவரைப் பார்த்தார். “ஹஜ்ரத், இங்கே எங்கே?” என்று கேட்டார். நமக்கு ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது, வழித்துணைக்குத் தம்பியை அழைத்து வந்தோம் என்றோம். அவர் போன பின் மாணவர் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். சொன்னதில் முதற்பாதியேனும் பொய்யாகிவிடக் கூடாதே என்று, உள்ளே பெயர் கூப்பிட்டபோது நாமே முதலில் எழுந்து சென்று கையை நீட்டினோம்.